உள்ளபடி காட்டுற டிவி இருக்கா?

டிவி விற்கிற வேலை என்பது, ஒரே ஓடையை முப்பது திரைகளில் காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே பார்க்கிற வேலை.

அந்த ஓடை எங்கள் பக்கத்து ஓடைகூட இல்லை. ஏதோ ஒரு மலைநாட்டு ஓடை. அது முடிந்ததும் ஒரு கிளி வரும், பிறகு ஒரு மாதுளம்பழத்தைப் பிளப்பார்கள், மறுபடியும் ஓடை. கம்பெனிக்காரர்கள் கொடுத்த படம். அந்தக் கிளி எந்த இடத்தில் தலையைத் திருப்பும் என்று எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். திருவாரூரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் மாடியில், டிவி பிரிவில் நிற்கிறேன். 'வேலை பார்க்கிறேன்' என்பதைவிட 'நிற்கிறேன்' என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் மாடிக்கும் ஒரு நாற்காலி வந்தது. அதில் வாடிக்கையாளர்களின் பைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஜவுளிக்கடையிலும் செருப்புக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நிற்கிற என் இனத்துக்காரர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

மாடிப்படி ஏறி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். எல்இடியா, க்யூஎல்இடியா, ஓஎல்இடியா, எது நல்லது? என்னிடம் சின்னப் பதில் ஒன்று இருக்கிறது. எல்இடியில் பின்னால் விளக்கு எரியும், முன்னால் படம் ஓடும். க்யூஎல்இடியும் அதே சங்கதிதான், நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானாக எரியும், தானாக அணையும், அதனால் கறுப்பு அசல் கறுப்பாக இருக்கும். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் இதைக் கேட்டு யாரும் டிவி வாங்கி நான் பார்த்ததில்லை. அவரவர் வீட்டில் இருக்கிற கவலையை வைத்துத்தான் வாங்குகிறார்கள்.

குவைத்திலிருந்து ஒரு பார்வை

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்ததும் கைப்பேசியை எடுத்து வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டார். கணவர் குவைத்தில். "மச்சான், இந்த வரிசைய முதல்ல பாருங்க" என்று கையை நீட்டியபடி ஒவ்வொரு டிவியாகக் காட்டிக்கொண்டே நடந்தார். எங்கள் கடைக்கு இது புதிதில்லை. இந்தப் பக்கத்தில் பாதி டிவிகளை வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்களும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையிலிருக்கிற போனைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டோம்.

அந்தப் பெண்ணுக்குப் பிடித்தது ஓஎல்இடி. அதன் முன்னால்தான் கால் தானாக நின்றது. ஆனால் குவைத்துக்காரர் போனுக்குள்ளிருந்து, "அதுல பட்டை பட்டையா கோடு ஓடுது, வேணாம். பக்கத்துல இருக்கே, அது தெளிவா இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தது கடையிலேயே சாதாரணமான ஒன்று. கோடு டிவியில் ஓடவில்லை. திரை துடிக்கிற வேகமும் போன் கேமரா படம் பிடிக்கிற வேகமும் ஒத்துப்போகாவிட்டால் அப்படித்தான் தெரியும். நேரில் பார்த்தால் ஒரு கோடும் இருக்காது. குவைத்துக்காரருக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். விலை கூடினதை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, "எனக்குத் தெரியாதாண்ணே, கண்ணால பாக்குறேன்ல" என்றார்.

கால் முடிந்த பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாக, "நீங்க நேர்ல பாக்குறீங்களேம்மா, கோடு இல்லைன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும் அண்ணே. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அவங்கள போன்லதான் பாக்குறேன், அவங்க மூஞ்சியிலயும்தான் கோடு ஓடுது."

தரையில் படுத்தவர்

ஐப்பசி மாதத்தில் ஒரு மதியம், மாடியில் கூட்டமில்லாத நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியாக வந்தார். க்யூஎல்இடி டிவி ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பையை ஓரமாக வைத்தார். பிறகு அப்படியே தரையில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டார். நான் பதறி ஓடினேன். பிரிட்ஜ் பிரிவிலிருந்து ஒருத்தர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார், இன்னொருத்தர் விசிறியைத் தேடினார். அந்த அம்மா படுத்தவாறே எங்களைப் பார்த்து, "ஒண்ணுமில்லைங்க, எங்க வீட்டுக்காரரு இப்படிப் படுத்துக்கிட்டுத்தான் பாப்பாரு, எப்படித் தெரியுதுன்னு பாக்குறேன்" என்றார்.

பெயர் விஜயா. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமம். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால் கடைசியாக வந்து சேர்கிற ஊர். கணவர் ராஜேந்திரன். வயலில் டிராக்டர் வரப்பில் சரிந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் படுக்கையில் இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். சோற்றைக் கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஒருநாள் விஜயா வயலில் எடுத்த வீடியோவைப் போனில் காட்டியிருக்கிறார், ஏதோ நினைப்பில். அவர் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "தண்ணி கட்டுனியா?" என்று கேட்டாராம். அன்றைக்கு இரண்டு வாய் சாப்பிட்டாராம். "ஆனா போன்ல அவருக்குக் கண்ணு பத்தலைங்க. பயிரோட நெறம் தெரியல, தெரியலன்னு தூக்கிப் போட்டுர்றாரு. மகன் சிங்கப்பூர்லேர்ந்து, பெருசா டிவி வாங்கி அதுல காட்டும்மாங்கறான். உள்ளபடி காட்டுற டிவி இருக்காங்க?" என்றார். நான் இத்தனை நாள் டிவி விற்றதில் ஒரு மனுஷன் வாய் திறக்கிறதும் சாப்பிடுகிறதும் அதில்தான் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

அதன் பிறகு நான்தான் ஒவ்வொரு டிவியாகப் போட்டேன், அந்த அம்மா ஒவ்வொன்றின் கீழேயும் படுத்துப் படுத்து எழுந்தார். க்யூஎல்இடி நின்று பார்த்தால் பளிச்சென்று இருந்தது, படுத்தால் வெளுத்துவிட்டது. சில பேனல்கள் அப்படித்தான், நேரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காகச் செய்தவை. ஓஎல்இடி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மாறவில்லை. ஆனால் கட்டிலுக்கு எதிரே பெரிய சன்னல் இருக்கிறது என்றும் பகலில்தான் பார்ப்பார் என்றும் சொன்னார். அந்த வெளிச்சத்தில் ஓஎல்இடியின் கறுப்புக் கண்ணாடியில் பயிருக்குப் பதிலாகச் சன்னல்தான் தெரியும். மகன் சொல்லியிருந்த விலையையும் அது தாண்டியது. கடைசியில் மூலையில் கிடந்த ஒரு சாதாரண எல்இடியைப் போட்டேன். பக்கவாட்டில் நிறம் மாறாத பேனல் அது. 'இதுல கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலாத் தெரியும்க்கா' என்று உள்ள குறையையும் சொல்லிவிட்டேன். அவர் படுத்தபடியே சொன்னார்: "கறுப்பு எதுக்குங்க தம்பி, எங்களுக்குப் பச்சை தெரிஞ்சாப் போதும்."

அட்டையும் திரையும்

டிவி மாட்டுகிற வேலை பாஸ்கருடையது. நான் போக வேண்டிய அவசியமில்லை. இருந்தும் விஜயா அக்கா வீட்டுக்கு அவனோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். முன்கூடத்தில் கட்டில், கட்டிலில் ராஜேந்திரன். நல்ல உயரமான ஆள் என்று படுத்திருக்கும்போதே தெரிந்தது. எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பாஸ்கர் சுவரில் துளை போடப்போட, தூசி மேலே விழாமல் விஜயா அக்கா அவர் முகத்துக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போனிலும் டிவியிலும் செருகுகிற மாதிரி ஒரு பென்டிரைவை நான் கொண்டுபோயிருந்தேன். அதில் அன்று காலை எடுத்த வயலை ஏற்றி டிவியில் போட்டோம். சம்பாப் பயிர், முழங்கால் உயரம். கண்ணைப் பறிக்கிற பச்சை. பாஸ்கர் "சூப்பரா இருக்குல்ல?" என்றான். ராஜேந்திரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனைவியிடம், "இது நம்ம பயிரு இல்லியே, யாரு வயல எடுத்துட்டு வந்தே?" என்றார். கோளாறு வயலில் இல்லை. புது டிவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே நிறத்தை ஏற்றிக் காட்டும்படிதான் வரும், அதற்கு 'விவிட்' என்று பெயர். கடை வெளிச்சத்தில் ஆளை இழுக்க அது வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு யாரும் அதை மாற்றுவதில்லை.

நான் ரிமோட்டை எடுத்தேன். வேளாண்மைத் துறையில் கொடுக்கிற இலை வண்ண அட்டை ராஜேந்திரனிடம் இருந்தது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் போட்ட அட்டை. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து உரம் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். விஜயா அக்கா அதே அட்டையை வயலில் பயிரோடு சேர்த்துப் பிடித்துத்தான் வீடியோ எடுத்திருந்தார். இப்போது ராஜேந்திரன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார், திரையிலும் அட்டை. இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை நான் கலரைக் குறைத்தேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், அவர் "இன்னும், இன்னும், ஆங், நிறுத்துங்க" என்றார். கண்ணைப் பறித்த பச்சை போய் ஒரு சாதுவான பச்சை வந்தது. உடனே அவர் குரல் உயர்ந்தது. "தெக்கு மூலையில வெளுப்பு தட்டுது பாரு. அங்க மேடு, தண்ணி ஏறாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். மடைய மாத்திக் கட்டுனா என்ன, கை வலிக்குதா?" என்று பிடித்துக்கொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. விஜயா அக்கா எங்களோடு வாசல்வரை வந்தார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. "திட்டுறாரு பாருங்க தம்பி. அடிபட்டதுலேர்ந்து இன்னிக்குத்தான் திட்டுறாரு" என்றார்.

கிரிக்கெட்டில் தெரிகிறவர்

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன். நன்னிலத்தில் ஒரு வீட்டுக்குப் பெரிய ஓஎல்இடி விற்றிருந்தோம். வாங்கிப் போட்ட கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் படத்தைச் சட்டம் போட்டு வாங்க நேரமில்லை. பெங்களூரிலிருந்து வந்த மகன், அப்பாவின் போட்டோவை டிவியிலேயே முழுத்திரைக்குப் போட்டுவிட்டார். டிவிக்கு மாலை, டிவிக்குப் பொட்டு, டிவிக்கு முன்னால் விளக்கு. தானாக அணைந்துவிடக் கூடாது என்று செட்டிங்கை வேறு மாற்றிவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் டிவியைப் பார்த்துத்தான் கும்பிட்டிருக்கிறார்கள். கருமாதி முடிகிறவரை இரவும் பகலும் பெரியவர் அதில் அசையாமல் இருந்தார்.

ஓஎல்இடியில் ஒரே படத்தை அப்படி வைக்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது என்று சொன்னேன் அல்லவா, ஓயாமல் எரிந்த புள்ளி அசந்துபோகும். படத்தை எடுத்த பிறகும் அதன் சாயல் திரையில் தங்கிவிடும். மகன் பெங்களூரிலிருந்து போனில் சத்தம் போட்டார், வாரண்டி என்றார், வழக்கு என்றார். இதற்கு வாரண்டி கிடையாது என்று சொல்ல என்னை அனுப்பினார் முதலாளி. அந்த மாதிரி வேலைக்கெல்லாம் யாரை அனுப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே.

வீட்டில் பெரியவரின் மனைவி மட்டும் இருந்தார். டிவியைப் போட்டார். சீரியல் ஓடியது, ஒன்றும் தெரியவில்லை. சேனலை மாற்றினார், மைதானம் வந்தது. ஒரே நிறத்துப் புல்வெளியில் மெல்லிய நிழலாகத் தோளும் நெற்றியும் கண்ணாடியும் தெரிந்தன. நான் கொண்டுபோன வாரண்டிக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கிரிக்கெட் போட்டா நல்லாத் தெரியிறாரு தம்பி, ஆனா அவரு கிரிக்கெட்டே பாக்க மாட்டாரு."

நல்லாக் காட்டுறதுதான் பிரச்சினை

அந்த வருடம் கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றில் விட்ட தண்ணீர் மேல்மடை ஊர்களோடு நின்றுபோனது. கடைமடையில் வாய்க்கால் தரை வெடிக்கத் தொடங்கியது. எங்கள் கடையிலும் ஈ ஓட்டினோம். நெல் விளைந்தால்தான் இந்தப் பக்கத்தில் டிவியும் விற்கும். அப்படி ஒரு நாளில் விஜயா அக்கா மாடிப்படி ஏறி வந்தார். இளைத்திருந்தார். "டிவியில ஒரு வேலை ஆகணும் தம்பி" என்றார். "ரிப்பேராக்கா?" என்றேன். "இல்ல, நல்லாத்தான் காட்டுது. அதான் பிரச்சினை" என்றார்.

போனில் வயலைக் காட்டினார். நுனியெல்லாம் மஞ்சள், அடியில் வெடிப்பு. பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. இதைப் பார்த்தால் ராஜேந்திரன் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார் என்று பயந்து, அக்கா கொஞ்ச நாளாகப் பழைய வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். "ஏன் பயிரு வளரவே இல்ல?" என்று அவர் கேட்டுவிட்டார். பயிரோடு அட்டையைப் பிடித்துக் காட்டு என்றதற்கு, அட்டை வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று அக்கா சொல்லியிருக்கிறார். எந்த வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது விழுவதற்கு என்று நான் கேட்கவில்லை. "இன்னைக்கு உள்ள பயிரத்தான் காட்டணும், ஆனா பச்சையா இருக்கணும். முடியுமா தம்பி? இப்பத்தான் ரெண்டு வேளையும் சாப்புடுறாரு. மறுபடியும் அவரு பேச்சை நிறுத்திட்டாருன்னா அந்த வீட்டுல நான் யாருகிட்ட பேசுவேன்?" என்று கேட்டார்.

முடியும். அதுதான் கொடுமை, ரொம்பச் சுலபமாக முடியும். அதே மாடல் டிவி ஒன்று கடையில் இருந்தது. அவருடைய பென்டிரைவைச் செருகினேன். 'டிண்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் பச்சைப் பக்கம் தள்ள வேண்டும், 'கலர்' ஏற்ற வேண்டும். பென்டிரைவுக்கு மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் சேனலில் ஒரு மாற்றமும் தெரியாது. ஒவ்வொரு பட்டனாக அவர் கையாலேயே அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன். மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சையானது. அந்தப் பக்கமாக வந்த பாஸ்கர் விஷயம் தெரியாமல், "அக்கா, பயிரு அமோகமா இருக்கே" என்றான். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கொஞ்சம் கொறைங்க தம்பி. இவ்வளவு பச்சையா இருந்தா யூரியாவ அள்ளிக் கொட்டிட்டேன்னு திட்டுவாரு."

ராஜேந்திரன் கூப்பிட்டார்

மார்கழியில் ஒருநாள் ராஜேந்திரனே எனக்குப் போன் செய்தார். டிவியில் ஒரு சின்னக் கோளாறு என்றும், புதன்கிழமை பகலில் வந்தால் நல்லது என்றும் சொன்னார். புதன்கிழமை விஜயா அக்கா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகிற நாள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. வீடு திறந்திருந்தது. கட்டிலில் அவர் மட்டும், பக்கத்தில் ரிமோட். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "உக்காருங்க தம்பி" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணைக் காட்டி, "இந்தப் பொண்ணு நல்லாருக்கு. இப்பப் பாருங்க" என்று பென்டிரைவுக்கு மாற்றினார்.

பச்சைப் பயிர். காற்றில் ஆடியது. பின்னால் விஜயா அக்காவின் குரல், "நடு வயல்ல நிக்கிறேன், தூரு நல்லாக் கட்டியிருக்கு" என்றது. பிறகு படம் சுழன்று அவருடைய முகம் வந்தது. நெற்றி பச்சை, கன்னம் பச்சை, சிரித்தபோது பல்லும் பச்சை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தைக் காட்டக் கூடாது என்று கடையில் சொல்லத் தோன்றவே இல்லை, அவர் எப்போதும் வயலை மட்டும்தான் எடுப்பார். "நான்தான் மூஞ்சியக் காட்டச் சொன்னேன்" என்றார் ராஜேந்திரன். "வீட்டுக்கு வர்றப்ப மூஞ்சியக் கழுவி, பொட்டு வச்சு, சிரிச்சுக்கிட்டேதான் வருவா. வயல்ல எப்படி நிக்கிறான்னு பாக்கணும்னு தோணுச்சு. பாத்தா இப்படி இருக்கா. ஊருக்கெல்லாம் நல்லாக் காட்டுற டிவி என் பொண்டாட்டிய மட்டும் பச்சையாக் காட்டுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. "மழை பேயலன்னு படுத்திருக்கறவனுக்குத் தெரியாதா தம்பி? மேல தகரம் போட்ட வீடு. ஒரு தூறல் விழுந்தாலும் எனக்குத்தான் முதல்ல கேக்கும்" என்றார். பிறகு, "பயிரு பச்சையாவே இருக்கட்டும். அவ மூஞ்சிய மட்டும் சரியா வைக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். எந்த டிவியிலும் முடியாது, எவ்வளவு விலை கொடுத்தாலும் முடியாது. ஒன்றை மாற்றினால் இன்னொன்றும் மாறும். "சரி, ஒரு தடவ உள்ளபடி காட்டுங்க" என்றார்.

டிண்டை நடுவில் கொண்டுவந்தேன், கலரை இறக்கினேன். வயல் காய்ந்துகொண்டே வந்தது. மஞ்சள் வயலுக்கு நடுவில் விஜயா அக்கா நின்றார். வெயிலில் கறுத்துப்போன முகம், வீங்கிய கண், அழுது துடைத்த தடம். அந்த முகம்தான் தூர் நல்லாக் கட்டியிருக்கு என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தது. ராஜேந்திரன் படத்தை அங்கேயே நிறுத்தச் சொன்னார். பயிரை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. நானும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும் தம்பி. பழையபடி பச்சையா வச்சுருங்க, அவ வர்ற நேரம்" என்றார். வைத்தேன். வாசல்வரை வந்துவிட்டு மனசு கேட்காமல் திரும்பிப் போய், "உங்களுக்குத் தெரியும்னு அக்காகிட்ட சொல்லிடலாமே அண்ணே, ரெண்டு பேருக்கும் பாரம் கொறையுமே" என்றேன். அவர் ரிமோட்டை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "வேணாம் தம்பி. அந்தக் காஞ்ச வயல்ல ஒத்தையா நின்னுட்டு வர்றா, வீட்லயாவது பயிரு நல்லாருக்குன்னு ஒரு ஆளு சொல்லட்டுமே."

உள்ளபடி காட்டுகிற டிவி வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், கூடவே அதைப் பொய் சொல்ல வைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு தடவை தொட்டுக் காட்டித்தான் அனுப்புகிறேன்.